பொந்துக்குள் போன தீர்மானம்

நாவல்காட்டுக் குட்டிகள் எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படித்தன. ஆற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய நாவல் மரம். அதன் அடியில்தான் வகுப்பு. ஆமை டீச்சர் பாடம் நடத்தும். முயல் குட்டிக்குப் பக்கத்தில் நரிக் குட்டி உட்காரும். கீரிக் குட்டிக்குப் பக்கத்தில் காட்டுக்கோழிக் குஞ்சு உட்காரும். முள்ளம்பன்றிக் குட்டிக்குப் பக்கத்தில் மட்டும் யாரும் உட்காருவதில்லை. அது யார் குற்றமும் இல்லை!

பள்ளிக்கூட எல்லைக்குள் யாரும் யாரையும் கடிக்கக் கூடாது. அதுதான் அந்தக் காட்டின் முதல் சட்டம். பள்ளியை நடத்த ஒரு குழுவும் இருந்தது. நரி அதற்குத் தலைவர். மயில், குரங்கு, காட்டுப்பன்றி, நீர்நாய் நான்கும் உறுப்பினர்கள்.

ஒருநாள் காலையில் நரி பாறை மேல் ஏறி நின்று ஊளையிட்டது.

“எல்லாரும் கேட்டுக்குங்க! நாளை மறுநாள்லேருந்து பள்ளிக்கூடம் இங்கே கிடையாது! ஆத்து வளைவுல ஒரு மேட்டுக் கரை இருக்கில்ல? அங்கே மாறுது! நல்ல காத்தோட்டம்! கண்ணுக்குக் குளிர்ச்சி! குழுவுல அஞ்சு பேருக்கு அஞ்சு பேரும் ஒரே மனசா ஒத்துக்கிட்டாங்க! வராத குட்டியோட பேரை அடிச்சிடுவோம்!”

கூட்டம் தலையாட்டியது. ஆனால் முயலம்மாவின் காது மட்டும் விறைத்து நின்றது.

‘அஞ்சு பேரா? நேத்து நான் கேட்ட சத்தம் வேற மாதிரி இருந்ததே!’ என்று அது நினைத்தது.

அந்தச் சத்தம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். காட்டின் நடுவில் பட்டுப்போன ஒரு இலுப்பை மரம் நின்றது. அதற்குத் தீர்மான மரம் என்று பெயர். குழு கூடி என்ன முடிவு எடுத்தாலும் மரங்கொத்தி அதை அந்த மரத்தில் கொத்திவைக்கும். ‘சரி’ என்று சொன்னவருக்கு ஒரு குத்து. ‘வேண்டாம்’ என்று சொன்னவருக்கு ஒரு நீளக் கீறல். அதன் கீழே யார் என்ன காரணம் சொன்னார்கள் என்பதும் கொத்தெழுத்தில் ஏறும். கொத்தெழுத்து படிக்கத் தெரியாத பிராணி அந்தக் காட்டில் கிடையாது. முதல் வகுப்புப் பாடமே அதுதான்.

முன்பெல்லாம் மரத்தின் வெளிப்புறத்தில்தான் கொத்துவார்கள். தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போவார்கள். நரி தலைவரான பிறகு, “மழை பட்டா எழுத்து ஊறிப் போயிடும். உள்ளே பொந்துல கொத்துவோம், பத்திரமா இருக்கும்” என்றது. என்ன அக்கறை, என்ன அக்கறை! அந்தப் பொந்துதான் நரியின் வீடு.

முந்தின நாள் குழு கூடியபோது முயலம்மா அந்தப் பக்கம் புல் மேய்ந்துகொண்டிருந்தது. உள்ளே நடந்த பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கொத்துகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. டொக்! டொக்! டொக்! டொக்! நாலு குத்து. பிறகு, ‘கர்ர்ர்ர்க்!’ ஒரு நீளக் கீறல்.

நாலு பேர் சரி என்றார்கள். ஒருவர் வேண்டாம் என்றார். அது யார்? ஏன் வேண்டாம் என்றார்?

முயலம்மாவுக்கு ஒரே ஒரு குட்டி. பெயர் பொட்டு. நெற்றியில் வெள்ளைப் புள்ளி, நிற்க நேரமில்லாத கால்கள். நாளை மறுநாள் அந்தப் பொட்டு மேட்டுக் கரையில் போய் உட்காரப் போகிறது. யாரோ ஒருவர் வேண்டாம் என்று சொன்ன இடம்! பெற்ற வயிறு சும்மா இருக்குமா? நேராகத் தீர்மான மரத்துக்குப் போய் நின்றது.

“தலைவரே! பள்ளிக்கூடம் மாத்தின தீர்மானத்தை நான் பார்க்கணும்.”

நரி பொந்திலிருந்து தலையை மட்டும் நீட்டியது. “அதுக்கென்ன முயலம்மா! தாராளமாப் பாருங்க! பெத்தவங்களுக்கு இல்லாத உரிமையா? உள்ளே வாங்க. தனியாத்தானே வந்திருக்கீங்க?”

முயலம்மா ஒரு அடி பின்னால் வைத்தது. “உள்ளேயா?”

“பள்ளிக்கூட எல்லைக்குள்ள யாரும் யாரையும் கடிக்கக் கூடாது. சட்டம் எனக்குத் தெரியாதா? என்ன, என் பொந்து அந்த எல்லைக்குள்ள வராது. அவ்வளவுதான்!” நரி நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டது.

“போறது தெரியுதுங்க ஐயா. திரும்பி வர்றது தெரியலையே! நீங்க எழுத்தை வெளியே காட்டுங்களேன்.”

“மரத்தை எப்படிம்மா வெளியே தூக்கிட்டு வர்றது?” என்று நரி வாய்விட்டுச் சிரித்தது. “நான் காட்ட மாட்டேன்னு சொன்னேனா? சொல்லலையே! கதவு திறந்துதான் இருக்கு. நீங்கதான் வரமாட்டேங்கிறீங்க!”

எப்படி இருக்கிறது நியாயம்! வாயில் வெல்லம், வயிற்றில் பசி.

முயலம்மா அசரவில்லை. மரங்கொத்தியைத் தேடிப் பிடித்தது. “அண்ணே, நீங்கதானே கொத்துனீங்க? அந்தக் கீறல் யாரோடது?”

மரங்கொத்தி கழுத்தைத் திருப்பிக்கொண்டது. “எங்கிட்ட கேக்காதேம்மா. உள்ளே நடந்ததை வாயால சொல்ல மாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க. நான் கொத்துறவன். காட்டுறது என் வேலை இல்லை.” சொல்லிவிட்டுப் பறந்துவிட்டது. ஆனால் அதன் முகம் சரியாக இல்லை.

குரங்கிடம் கேட்டால், கிளை விட்டுக் கிளை தாவி ஓடிவிட்டது. காட்டுப்பன்றி சேற்றில் இன்னும் கொஞ்சம் புதைந்துகொண்டது. மயில் தோகையைத் தடவிக்கொண்டே, “குழு விஷயம் குழுவோட!” என்றது. நீர்நாய் ஊரிலேயே இல்லை. முந்தின நாளே குடும்பத்தோடு கீழாற்றுக்குக் கிளம்பிவிட்டதாம்.

மறுநாள் விடிந்ததும் முயலம்மா தீர்மான மரத்தின் வெளிப்புறத்தை மூக்கால் தடவித் தடவிப் பார்த்தது. கொடி படர்ந்து மூடியிருந்த ஓர் இடத்தில் பழைய கொத்தெழுத்து தட்டுப்பட்டது. கொடியைப் பல்லால் அறுத்து விலக்கிப் படித்தது.

‘பெற்றவர் யார் கேட்டாலும் தீர்மானத்தைப் பகல் வெளிச்சத்தில் காட்ட வேண்டும்.’

“தலைவரே! பகல் வெளிச்சத்துலன்னு போட்டிருக்கு! உங்க பொந்து இருட்டாச்சே!”

நரியின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. “அது பழைய சட்டம்மா. மாத்தலாம்னு இருக்கோம். மயில் வந்து சம்மதம் சொல்லணும். அது வந்தா குரங்கு இருக்காது. குரங்கு வந்தா மயில் இருக்காது. அமாவாசை கழிஞ்சு வா.”

“பள்ளிக்கூடம் நாளைக்கே மாறுதே!”

“நீ என்ன, புடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கிறே!”

“நாலு காலும் இருக்குங்க ஐயா! எண்ணிப் பாருங்க!” என்று சொல்லிவிட்டு முயலம்மா அந்த நாலு காலாலும் ஓடியது.

அன்று முழுக்க ஒவ்வொரு பெற்றோர் வீடாக ஏறி இறங்கியது. காட்டுக்கோழி, “பெரியவங்க முடிவு பண்ணிட்டாங்க, நமக்கெதுக்கு வம்பு?” என்றது. கீரியம்மா, “நரி இடம் போனா என்ன, வலம் போனா என்ன, மேலே விழுந்து புடுங்காம இருந்தா சரி!” என்றது.

“புடுங்கறதுக்கு நாளைக்கு நம்ம பிள்ளைங்க இருக்கணுமே அக்கா!” என்றது முயலம்மா. “ஒருத்தர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. என் ரெண்டு காதாலயும் கேட்டேன். எதுக்குச் சொன்னாங்கன்னு தெரிஞ்சா போதும். நல்ல இடம்னா நானே முதல் ஆளா என் பிள்ளையைக் கொண்டுபோய் விடுறேன்!”

கீரியம்மா தன் வளைக்குள் போய்விட்டது. முள்ளம்பன்றி அப்பா மட்டும் முள்ளைச் சொறிந்துகொண்டு, “நாளைக்குப் பிள்ளைங்களை விட்டுட்டு வரும்போது பார்ப்போம்” என்றது.

மூன்றாம் நாள் வந்தது. மேற்கே மலைப்பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. குட்டிகள் வரிசையாக மேட்டுக் கரைக்குப் போயின. பொட்டுவை வீட்டிலேயே நிறுத்திவிடலாமா என்று முயலம்மா ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தது. நிறுத்தினால் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் இந்தக் காட்டில் பொட்டுவுக்குப் படிப்பே கிடையாது. கடைசியில் பிள்ளையின் காதை நக்கிக் கொடுத்து அனுப்பியது. ஆனால் ஒன்று சொல்லி அனுப்பியது.

“அம்மா காலால தரையைத் தட்டுனா என்ன அர்த்தம்?”

“எதையும் கேக்காம, திரும்பிப் பார்க்காம, அம்மாகிட்ட ஓடி வரணும்!”

“சமத்து!”

குட்டிகள் போய் உட்கார்ந்துவிட்டன. ஆமை டீச்சர்தான் இன்னும் பாதி வழியில் நடந்துகொண்டிருந்தது.

அப்போது மலைப்பக்கம் இடி உருண்டது. பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பழைய நாவல் மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெற்றோர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆற்றுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓட ஆரம்பித்திருந்தது.

“இப்பவாவது வாங்க!” என்று முயலம்மா கத்தியது. “சட்டத்துல பெத்தவர் பார்க்கலாம்னுதான் போட்டிருக்கு. தனியாப் போகணும்னு எங்கேயும் போடலை! எல்லாரும் சேர்ந்து போவோம்!”

கீரியம்மா முதலில் எழுந்தது. காட்டுக்கோழி எழுந்தது. புள்ளிமான் எழுந்தது. எல்லோரும் தீர்மான மரத்துக்கு ஓடினார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் நரி பொந்து வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

“ஒவ்வொருத்தரா வாங்க! முதல்ல முயலம்மா வரட்டும்!”

“முதல்ல நான்!” என்றது முள்ளம்பன்றி அப்பா. அப்படியே திரும்பி நின்றது. முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, பின்பக்கமாகவே பொந்துக்குள் நடக்க ஆரம்பித்தது!

“ஏய்! ஏய்! என்ன இது! நேரா வாய்யா!”

“எனக்கு இதுதான் நேர்!”

“ஐயோ! மூக்கு! என் மூக்கு!”

முள் முன்னேற முன்னேற நரி பின்னால் நகர்ந்தது. பொந்தின் சுவரோடு ஒட்டியது. அப்புறம் இடமில்லை! முள்ளம்பன்றியின் தலைக்கு மேல் ஒரே தாவாகத் தாவி வெளியே வந்து விழுந்தது. கீரியம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முள்ளம்பன்றி வெளியே வந்து வழிவிட, முயலம்மா உள்ளே பாய்ந்தது. கும்மிருட்டு! சுவர் முழுக்கப் பழைய எழுத்து, புது எழுத்து, ஒன்றின் மேல் ஒன்று. காலால் தடவினால் எது எது என்று பிடிபடவில்லை.

“ஒண்ணும் தெரியலையே! ஐயோ, நேரம் போகுதே!” என்று அது அழுதேவிட்டது.

திடீரென்று மரத்தின் வெளிப்பக்கம் ஒரு சத்தம். டொக்! டொக்! டொக்! டொக்டொக்டொக்டொக்!

மரங்கொத்தி!

“டேய் மரங்கொத்தி! சத்தியம் பண்ணியிருக்கே!” என்று நரி கத்தியது.

“சொல்ல மாட்டேன்னுதானே சத்தியம் பண்ணேன்? கொத்த மாட்டேன்னா பண்ணேன்?” என்றது மரங்கொத்தி. சிராய் நாலா பக்கமும் தெறித்தது. சடக்! மரச்சுவரில் ஒரு ஓட்டை விழுந்தது. பகல் வெளிச்சம் உள்ளே பாய்ந்து நேராகப் புது எழுத்தின் மேல் விழுந்தது. எங்கே கொத்த வேண்டும் என்று அதற்குத் தெரியாதா என்ன!

முயலம்மா உரக்கப் படித்தது.

“பள்ளிக்கூடம் மேட்டுக் கரைக்கு மாறுகிறது. காரணம்: மழைக்காலத்தில் மயில் ஆடுவதற்கு நாவல் மரத்தடி வேண்டும். நரி, சரி. மயில், சரி. குரங்கு, சரி. பன்றி, சரி.”

“ஆடுறதுக்கா!” என்று வெளியே கூட்டம் கொதித்தது.

“இருங்க! இன்னும் இருக்கு! நீர்நாய், வேண்டாம். நீர்நாய் சொன்னது...” முயலம்மா எழுத்துக்கு இன்னும் நெருங்கிப் போய்ப் படித்தது. “மேட்டுக் கரைக்கு உள்ளே நாங்கள் மூன்று தலைமுறையாக வளை தோண்டிக் குடியிருக்கிறோம். மேலே புல். உள்ளே வெறும் கூடு. முதல் வெள்ளம் வந்தால் கரை உள்வாங்கிவிடும். அதனால்தான் வெள்ளத்துக்கு முன்னால் நாங்களே வருஷா வருஷம் கிளம்பிவிடுகிறோம். பிள்ளைகளை அங்கே வைக்காதீர்கள். பெற்றவர்கள் பார்க்கட்டும், இதைக் கொத்திவையுங்கள்.”

கூட்டம் ஆற்றுப் பக்கம் திரும்பியது.

“ஐயோ! என் குட்டியும் அங்கேதானே இருக்கு!” என்று அலறியது ஒரு குரல். யார் குரல் என்று நினைக்கிறீர்கள்? நரியின் குரல்!

“நீங்களும் கூட்டத்துல உட்கார்ந்திருந்தீங்களே!” என்றது கீரியம்மா.

“உட்கார்ந்திருந்தேன்... மயில் விருந்து வைக்கிறதாச் சொன்னது. அதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன். காதுல விழுந்ததே தவிர, மனசுல ஏறலை!”

முயலம்மா இதையெல்லாம் கேட்க நிற்கவில்லை. ஓட்டம்! அப்படி ஒரு ஓட்டத்தை அந்தக் காடு பார்த்ததில்லை. முள்ளைத் தாண்டியது, புதரைத் தாண்டியது, பாதி வழியில் நடந்துகொண்டிருந்த ஆமை டீச்சரையும் தாண்டியது. மேட்டுக் கரைக்கு முன்னால் கெட்டித் தரையில் நின்று, பின்னங்காலால் தட்டியது.

தம்! தம்! தம்! தம்!

ஆற்று இரைச்சலில் யார் கூப்பிட்டாலும் கேட்டிருக்காது. ஆனால் தரை அதிர்ந்தது. பொட்டுவின் பாதத்தில் அது ஏறியது.

“அம்மா! ஓடுங்கடா! எல்லாரும் ஓடுங்க!” என்று கத்திக்கொண்டு பொட்டு பாய்ந்தது. ஒன்று ஓடினால் எல்லாம் ஓடும், குட்டிகள்தானே! மான்குட்டி ஓடியது. கீரிக் குட்டி ஓடியது. காட்டுக்கோழிக் குஞ்சு பாதி ஓட்டம், பாதி பறப்பு.

நரிக் குட்டி மட்டும் கரை விளிம்பில் நின்று, வெள்ளத்தில் மிதந்து போகும் கட்டைகளை வாய் பிளந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அதன் காலுக்குப் பின்னால் புல்லில் ஒரு விரிசல் ஓடியது!

நரி இன்னும் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. “மகனே! மகனே!” என்று அது கதறியது யாருக்கும் எட்டவில்லை.

முயலம்மா யோசிக்கவில்லை. விரிசலைத் தாண்டிக் குதித்தது. நரிக் குட்டியின் வாலை நறுக்கென்று கடித்தது!

“ஆவ்!” குட்டி எகிறிக் குதித்து ஓடியது. முயலம்மா அதன் பின்னால் தாவியது. அவ்வளவுதான்! ‘தொம்’ என்று ஒரு சத்தம். மேட்டுக் கரை முழுசாக உள்வாங்கி ஆற்றில் போனது. புல் போனது, குட்டிகள் உட்கார்ந்திருந்த கல் போனது, வளை போனது. செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது.

முயலம்மா பொட்டுவைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கியது. நரி தன் குட்டியை மோந்து மோந்து பார்த்தது. வாலில் இருந்த பல் தடத்தையும் பார்த்தது.

“பள்ளிக்கூட எல்லைக்குள்ள கடிச்சுட்டேன். சட்டம் மீறிட்டேன் தலைவரே. என் பேரை அடிச்சிடுவீங்களா?” என்றது முயலம்மா.

நரி தலையைக் குனிந்துகொண்டது. அப்போதுதான் ஆமை டீச்சர் வந்து சேர்ந்தது. “எங்கே கரை? வகுப்பு எங்கே?” என்று சுற்றுமுற்றும் பார்த்தது. பொட்டு ஆற்றைக் காட்டியது.

வெள்ளம் வடிந்ததும் நீர்நாய் திரும்பி வந்தது. நடந்ததைக் கேட்டு அதற்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெற்றோர்களைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டது.

“என் கீறலை நீங்க யாரும் முன்னாடியே பார்க்கலையா? நீங்க பார்ப்பீங்கன்னு நம்பித்தானே கொத்தச் சொல்லிட்டுப் போனேன்?”

எல்லோரும் நரியைப் பார்த்தார்கள். நரி தரையைப் பார்த்தது. “தப்பு என்னோடது. நான் எழுத்தைப் பூட்டலைன்னு நினைச்சேன். ஆனா வாசல்ல என் பல்லை வச்சிருந்தேன்” என்று மெல்லச் சொன்னது.

அன்றைக்கே நரி வேறு வளை தேடிக்கொண்டது. தலைவர் பதவியையும் விட்டது. பள்ளிக்கூடம் பழையபடி நாவல் மரத்தடிக்கு வந்தது. மயில் ஆற்று மணலில் ஆடியது. பார்க்க ஒருவரும் போகவில்லை!

தீர்மானங்கள் மறுபடியும் மரத்தின் வெளிப்புறத்தில், முயல் எழும்பி நின்றால் எட்டும் உயரத்தில் ஏறின. குனிந்து கொத்திக் கொத்தி மரங்கொத்திக்குக் கழுத்து வலி. “இன்னும் கொஞ்சம் மேலே கொத்தட்டுமா?” என்று அது தினமும் கேட்கும். “கீழேயே கொத்துங்கண்ணே!” என்று பொட்டு தினமும் பதில் சொல்லும். அப்பாவோடு தண்ணீர் குடிக்க வரும் நரிக் குட்டி, மரத்தின் முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் போகும்.

பிள்ளைகளைப் பற்றி எடுத்த முடிவைப் பெற்றவர்கள் கண்ணுக்கு மறைக்கிறவன், ஆபத்தைத் தன் பிள்ளையின் காலடியிலும் சேர்த்தே மறைத்து வைக்கிறான்.